ஓ.சி.டி. பிள்ளைக்கு மாற்றுத்திறனாளி சான்று: போர்டில் நாற்பது வருமா?

04.11.2024 | கேள்வி, மன்னார்குடியிலிருந்து

மகளுக்கு 13 வயசு, எட்டாவது படிக்கிறாள். மூணு வருஷமா ஓ.சி.டி. (வேண்டாத எண்ணம் விடாம வந்து, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற மனநோய்). காலையில் குளிக்கப் போனால் ரெண்டு மணி நேரம். தஞ்சாவூரில் மனநல டாக்டரிடம் காட்டி மாத்திரை போய்க்கொண்டிருக்கிறது. "கை கால் நல்லா இருக்கு, முதல் ரேங்க் வாங்குற பொண்ணுக்கு எதுக்கு ஊனச் சர்டிபிகேட்"னு வீட்டிலேயே கேக்குறாங்க. இதுக்கெல்லாம் சான்று தருவாங்களா? தந்தா மாசம் எவ்வளவு வரும்?

04.11.2024 | பதில், வெண்ணாற்றங்கரை

தருவார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உண்டு, மனநோய் அதில் ஒன்று. ஓ.சி.டி. அதற்குள்தான் வரும்.

சட்டம் மனநோய்க்குச் சொல்லும் விளக்கத்தில் ஒரு "அல்லது" இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். சிந்தனையிலோ மனநிலையிலோ பெரிய கோளாறு இருந்து, அது நடப்பை உணரும் திறனையோ, நடத்தையையோ, அல்லது வாழ்க்கையின் சாதாரணத் தேவைகளைச் சமாளிக்கும் திறனையோ மிகவும் கெடுக்க வேண்டும். ஓ.சி.டி. பிள்ளைக்கு நடப்பு நன்றாகவே தெரியும். "கை சுத்தமாத்தான் இருக்கு, ஆனா விட முடியலை" என்று அதுவே சொல்லும். ஆகவே "தெளிவாப் பேசுதே" என்பது மறுக்கக் காரணமாகாது. கடைசி "அல்லது"வில் நிற்கலாம்.

பணக் கேள்வியைப் பிறகு பார்ப்போம். அதில் ஏமாற்றம் இருக்கிறது, முதல் நாளே வேண்டாம்.

05.11.2024 | வெண்ணாற்றங்கரை

சான்றில் குறைபாட்டைச் சதவீதமாகப் போடுவார்கள், பெரும்பாலான சலுகைக்கு 40 வேண்டும். அந்தச் சதவீதம் எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் போர்டுக்கு (பிள்ளையைப் பார்த்துச் சான்று தரும் மருத்துவக் குழுவுக்கு) போகக் கூடாது. மனநோய்க்கு ஐடியாஸ் என்ற அளவுகோல். நாலு தலைப்பு: தன்னைத்தானே பார்த்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. 0 என்றால் குறை இல்லை, 4 என்றால் முழுக்க முடியாத நிலை. ஆக 16.

இதன் மேல் நோய்க் காலத்துக்கு ஒரு மதிப்பெண். கடந்த இரண்டு வருடத்தில் எத்தனை மாதம் நோயின் அறிகுறி இருந்தது என்று பார்ப்பார்கள். ஆறு மாதத்துக்குள் 1, ஒரு வருடம் வரை 2, ஒன்றரை வருடம் வரை 3, அதற்கு மேல் 4. மொத்தம் 20.

கூட்டுத்தொகை 1 முதல் 6 வரை வந்தால் 40 சதவீதத்துக்குக் கீழே. 7 முதல் 13 வரை 40க்கும் 70க்கும் நடுவில். 14 முதல் 19 வரை 71க்கு மேல். 20 வந்தால் நூறு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காலத்துக்கு 4 முழுசாக விழுந்தால் மற்ற நாலு தலைப்பிலும் சேர்த்து 3 போதும், 40ஐத் தொட்டுவிடலாம். காகிதத்தில் ஒரு வருடம்தான் தெரிகிறது என்றால் காலத்துக்கு 2, மீதியில் 5 தேடவேண்டும். பழைய சீட்டைத் தொலைத்தவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான்.

05.11.2024 | வெண்ணாற்றங்கரை

விட்டுப்போனது. டாக்டர் கேள்வி கேட்டு 40க்கு 28, 40க்கு 33 என்று போடுகிற ஒய்-பாக்ஸ் மதிப்பெண் வேறு, இது வேறு. அது நோயின் கடுமை. 40க்கு 33 என்றால் 82 சதவீதம் என்று வகுத்துக்கொண்டு போகாதீர்கள். அந்தத் தாளையும் கோப்பில் வையுங்கள், வலு சேர்க்கும். ஆனால் போர்டு எண்ணுவது பிள்ளையால் எதைச் செய்ய முடியவில்லை என்பதை.

06.11.2024 | வெண்ணாற்றங்கரை

முதல் ரேங்க் பற்றி. "வேலை" தலைப்பில் மாணவர்களுக்குப் பள்ளிப் படிப்புதான் வேலை. ரேங்க் அட்டையைக் காட்டினால் அந்த வரியில் 0 விழும். வருகைப் பதிவைக் காட்டினால் வேறு மாதிரி விழும். தலைமையாசிரியரிடம் பள்ளி லெட்டர்பேடில் ஒரு கடிதம் வாங்குங்கள்: மொத்த வேலை நாள், வந்த நாள், முதல் மணிக்குப் பிறகு வந்த நாள், முடிக்காமல் கொடுத்த தேர்வுத் தாள், வகுப்பு நேரத்தில் கழிப்பறைக்குப் போய் வர ஆகும் நேரம். முத்திரை, தேதி கட்டாயம்.

நவம்பரில் நம் பக்கம் மழை விடுமுறை வரிசையாக வரும். அதை வராத நாளோடு சேர்த்து எண்ணி எழுதித் தந்துவிடுவார்கள். போர்டில் ஒருவர் கண்டுபிடித்தால் கடிதம் முழுக்கப் பொய் போலத் தெரியும்.

09.11.2024 | வெண்ணாற்றங்கரை

இந்த இழையில் ஒன்றே ஒன்றைப் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

ஓ.சி.டி. பிள்ளை உள்ள வீட்டில் பாதி நோயை அம்மாதான் செய்துகொண்டிருப்பாள். குழாயைத் திறந்துவிடுவது, கதவுப் பிடியைத் துடைத்துக் கொடுப்பது, "ஆமாண்டா, பூட்டிட்டேன்" என்று இருபது தடவை சொல்வது, தட்டை மூன்றாவது முறை கழுவுவது, செருப்பு பட்ட இடத்தைத் துடைப்பது. இதெல்லாம் ஓடிக்கொண்டிருப்பதால் வெளியே பார்க்கிறவர்களுக்குப் பிள்ளை சமாளிக்கிற மாதிரித் தெரியும். போர்டில் "தானே குளிக்கிறாளா?" என்று கேட்பார்கள். அம்மா வாய் தவறி "குளிக்கிறா சார்" என்பாள். தன் பராமரிப்பு: 0. முடிந்தது.

சரியான பதில்: "கதவுக்கு வெளியே நான் நிற்காவிட்டால் வெளியே வர மாட்டாள். ஒரு மணி ஐம்பது நிமிஷம் ஆகும். நானே தண்ணீரை நிறுத்தித் துண்டை நீட்டணும்."

ஆகையால் 30 நாள் நோட்டு ஒன்று போடுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு நாளுக்கு ஒரு பக்கம், நாலு விஷயம்: என்ன செய்தாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி, வீட்டார் என்ன செய்து முடித்து வைத்தார்கள், அதனால் எது நின்றது. மாதிரிக்கு:

"5.40 குளியலறை. 7.35 வெளியே. மோட்டார் இரண்டு தடவை போட்டோம். அம்மா எட்டு தடவை கதவு தட்டினாள். 7.50 பள்ளி வேன் போய்விட்டது. அப்பா வண்டியில் 9.20க்கு விட்டார். டிபன் டப்பா திறக்கவில்லை."

"மிகவும் கஷ்டப்பட்டாள்", "அழுதோம்" என்றெல்லாம் எழுதாதீர்கள். நேரமும் எண்ணிக்கையும் மட்டும். வாரத்துக்கு எத்தனை சோப்பு என்பதுகூடப் போகட்டும். அளவு கைவசம் இருந்தால் டாக்டர் கேள்வியே வேறு தொனியில் வரும்.

நல்ல நாளையும் எழுதுங்கள். முப்பது நாளும் ஒரே மாதிரி மோசம் என்றால் ஒரே ராத்திரியில் உட்கார்ந்து எழுதியது என்று தெரிந்துவிடும்.

10.11.2024 | சீர்காழியிலிருந்து ஒருவர்

எங்க பாட்டி பேத்தியைப் பாத்து "என் மாதிரியே மடி"ன்னு ரெண்டு வருஷம் பெருமைப்பட்டுக்கிட்டு இருந்தாங்க சார்.

10.11.2024 | வெண்ணாற்றங்கரை

டெல்டாவில் பாதி வீட்டுக் கதை. மடி, அதாவது ஆசாரச் சுத்தம், பார்க்கிறவர் ஆற்றில் ஒரு முழுக்குப் போட்டால் திருப்தியாகி வந்துவிடுவார். அடுத்த வேலைக்குப் போவார். ஓ.சி.டி.க்குத் திருப்தி வராது, படித்துறையிலேயே நிற்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

இதனால் ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. "சுத்தமாக இருக்கிற பிள்ளைக்குத் தன் பராமரிப்பில் என்ன குறை?" என்று கேட்கும் போர்டு உறுப்பினர் உண்டு. அளவுக்கு மீறியதும் குறைதான் என்று சொல்ல வேண்டும். விரல் இடுக்கில் வெடிப்பு, கழிப்பறைக்குப் பயந்து பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, வெளியில் எதையும் சாப்பிடாமல் எடை குறைவது. எடைக்கும் தோலுக்கும் சீட்டில் பதிவு இருக்கட்டும்.

17.11.2024 | வெண்ணாற்றங்கரை

விண்ணப்பம். சான்றும் யு.டி.ஐ.டி. அட்டையும் (மாற்றுத்திறனாளிக்கான தனி அடையாள அட்டை) இப்போது ஒரே வழி: சுவாவ்லம்பன் இணையதளம். 2021 ஜூன் முதல் ஆன்லைனில்தான். செல்போனிலேயே செய்யலாம், முடியாவிட்டால் இ-சேவை மையம், இல்லையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். ஆதார், போட்டோ, முகவரிச் சான்று. 18 வயதுக்குக் கீழே என்பதால் பெற்றோர் விண்ணப்பிக்கலாம்.

குறைபாட்டு வகை கேட்கும் இடத்தில் நிதானம். "மனநோய்" ஒரு வரி, "அறிவுசார் குறைபாடு" இன்னொரு வரி. பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இ-சேவையில் உட்கார்ந்திருப்பவர் "மனசு சம்பந்தமா? சரி" என்று அறிவுசார் குறைபாட்டைத் தட்டிவிடுவார். அதைத் தட்டினால் போர்டில் ஐ.க்யூ. சோதனைக்கு அனுப்புவார்கள், முதல் ரேங்க் பிள்ளைக்கு அது எப்படிப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மருத்துவமனை: வசிக்கும் மாவட்டத்திலும் போகலாம், ஏற்கெனவே வைத்தியம் நடக்கும் அரசு மருத்துவமனையிலும் கேட்கலாம், விதியில் இரண்டுக்கும் இடம் உண்டு. திருவாரூர் மாவட்டத்துக்காரர் தஞ்சை மருத்துவக் கல்லூரியில் மூன்று வருடமாகக் காட்டுகிறார் என்றால் அங்கேயே கேட்டுப் பார்க்கலாம், ஓ.பி. பதிவு அங்கேதான் இருக்கிறது. போவதற்கு முன் போர்டு எந்தக் கிழமை என்பதோடு அன்று மனநல மருத்துவர் உட்காருவாரா என்றும் கேளுங்கள். எலும்பு டாக்டர் மட்டும் இருக்கும் முகாமுக்கு இந்தப் பிள்ளையை அழைத்துப் போய் வரிசையில் நிறுத்துவது வீண். ஓ.சி.டி. பிள்ளைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் மூன்று மணி நேரம் என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும்.

எடுத்துப் போக: டாக்டரின் நோய்க் குறிப்பு (நோயின் பெயர், தொடங்கிய மாதம், கொடுத்த மருந்து, அளவு, நடத்தைச் சிகிச்சை நடந்ததா), எல்லா ஓ.பி. சீட்டும் தேதி வரிசையில், பள்ளிக் கடிதம், நோட்டு. எல்லாம் இரண்டு செட் ஜெராக்ஸ்.

18.11.2024 | வெண்ணாற்றங்கரை

திருத்தம், இரண்டு.

ஒன்று. 5ஆம் தேதி "பழைய சீட்டு" என்று எழுதியதைப் பார்த்து, இரண்டு வருட வைத்தியம் முடிந்தால்தான் விண்ணப்பிக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. நோய்தான் இரண்டு வருடம் இருந்திருக்க வேண்டும். வைத்தியம் ஒரு வருடம் முன்னால் தொடங்கியிருக்கலாம். குணசீலத்தில் ஒரு மண்டலம் தங்கியது, நாகூரில் ஓதிப் பார்த்தது எல்லாம் மருத்துவப் பதிவு ஆகாது. ஆனால் முதல் ஓ.பி. சீட்டிலேயே "ஒன்றரை வருடமாக இருக்கிறது" என்று டாக்டர் எழுதியிருந்தால் அந்த வரி பொன். அது இல்லையென்றால் ஐந்தாம், ஆறாம் வகுப்பு ஆசிரியர் கடிதம் உதவும்.

இரண்டு. ஒரு மாதத்தில் சான்று தர வேண்டும் என்று பலருக்கும் சொல்லி வந்தேன். பழைய விதி அது. கடந்த அக்டோபரில் விதியைத் திருத்தி மூன்று மாதம் ஆக்கிவிட்டார்கள்.

01.12.2024 | வெண்ணாற்றங்கரை

போர்டு அன்றைக்கு.

மாத்திரையை நிறுத்திவிட்டு அழைத்துப் போனால் சதவீதம் கூடும் என்று யாராவது சொன்னால் அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். ஃப்ளூவாக்சமைன், செர்ட்ராலின் மாதிரி மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரும், நோயும் முட்டிக்கொண்டு திரும்பும். போர்டு பத்து நிமிஷம். அதற்காக ஆறு மாத வைத்தியத்தைக் குலைப்பதா.

பிள்ளை போர்டு முன்னால் அடக்கிக்கொண்டு உட்காரும். வெளியாள் முன் சடங்கை மறைப்பது இந்த நோயின் குணம், வீட்டுக்கு வந்ததும் வட்டியோடு தீர்க்கும். இதையே டாக்டரிடம் சொல்லுங்கள்: "இப்ப அடக்கிக்கிட்டு இருக்கா, வீட்டுக்குப் போனதும் மூணு மணி நேரம் ஆகும்." மனநல மருத்துவருக்கு இது புதிதல்ல. அவருக்குக் காகிதத்தில் எழுத ஒரு பிடி வேண்டும், அவ்வளவுதான்.

பிள்ளையை வைத்துக்கொண்டே அதன் அசிங்க எண்ணங்களை, பயங்களை விவரிக்காதீர்கள். ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள்.

02.12.2024 | பாபநாசத்திலிருந்து

அறிவுசார் குறைபாடுன்னு போட்டுட்டா மாசம் 2,000 வந்துடும்னு ஒரு புரோக்கர் சொல்றார்ண்ணே.

02.12.2024 | வெண்ணாற்றங்கரை

வேண்டாம்ப்பா. பொய்ச் சான்றில் வாங்கினால் சட்டப்படி இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். அதை விடு. நாளைக்குப் பத்தாம் வகுப்பிலும் கல்லூரியிலும் தவறான வகை அந்தப் பிள்ளையின் பேரில் ஒட்டிக்கொண்டே வரும்.

15.12.2024 | வெண்ணாற்றங்கரை

இப்போது பணம். மன்னார்குடி அம்மா பொறுமையாகக் காத்திருக்கிறார்.

மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். இது பிரிவு பிரிவாகத் தரப்படுவது: அறிவுசார் குறைபாடு, கடும் பாதிப்பு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு என்று. 40 சதவீத அட்டை வந்துவிட்டதாலேயே ஓ.சி.டி. பிள்ளைக்கு இது தானாக வந்துவிடும் என்று குடும்பக் கணக்கில் சேர்க்காதீர்கள். மாவட்ட அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். மத்திய அரசின் இந்திரா காந்தி பெயரிலான ஓய்வூதியம் 18 வயதுக்கு மேல், 80 சதவீதத்துக்கு மேல், வறுமைக்கோட்டுக்குக் கீழ். 13 வயதுக்குப் பொருந்தாது.

நிராமயா காப்பீடு என்று முகாமில் படிவம் நீட்டுவார்கள். அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு நான்குக்கு மட்டும். ஓ.சி.டி.க்குக் கிடையாது. பணம் கட்டி ஏமாறாதீர்கள். சாதாரண மருத்துவக் காப்பீடு வைத்திருக்கிறவர்கள், மனநோய்க்கு மறுத்தால் 2017 மனநலச் சட்டத்தின் 21ஆம் பிரிவைக் காட்டுங்கள். உடல் நோய் மாதிரியேதான் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது.

ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு மத்திய அரசின் உதவித்தொகை: 40 சதவீதம், பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள். எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு அடுத்த ஜூனுக்குள் அட்டை கையில் இருந்தால் நல்லது.

சம்பளக்காரர்களுக்கு வருமான வரியில் 80டிடி என்ற பிரிவு. சார்ந்திருக்கும் பிள்ளைக்கு 40 சதவீதம் இருந்தால் 75,000, 80க்கு மேல் என்றால் 1,25,000 கழிவு. செலவுக்குப் பில் கேட்க மாட்டார்கள், நிலையான தொகை. பழைய வரி முறையில் இருந்தால்தான்.

16.12.2024 | சீர்காழியிலிருந்து

நெல்லு போடுறவனுக்கு இந்த 80டிடியில என்ன சார் லாபம்?

16.12.2024 | வெண்ணாற்றங்கரை

விவசாய வருமானத்துக்கு வரியே இல்லை, அதுதான் லாபம். ஒரு சாதகம் உண்டு: மேட்டூர் திறக்காத வருஷத்தில் இரண்டரை லட்ச வருமானச் சான்று வாங்க யாரும் சிரமப்பட வேண்டாம்.

11.01.2025 | வெண்ணாற்றங்கரை

மாதப் பணத்தைவிடப் பெரியது பள்ளியும் தேர்வும். 40க்கு மேல் சான்று இருந்தால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை, உயர்கல்வியில் 5 சதவீத இட ஒதுக்கீடு, அரசு வேலையில் 4 சதவீதம் (அதற்குள் மனநோய், ஆட்டிசம் முதலானவை சேர்ந்து 1). பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குச் சலுகை கேட்கும் மனு தலைமையாசிரியர் வழியாகப் போக வேண்டும். பெயர்ப்பட்டியல் அனுப்பும் காலத்துக்கு முன்னாலேயே, ஜூலை ஆகஸ்டிலேயே கையில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிப்ரவரியில் ஓடினால் நடக்காது.

கூடுதல் நேரம் ஒரு மணிக்கு 20 நிமிடம் என்பது மத்திய வழிகாட்டுதலில் உள்ள கணக்கு, மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி நேரம். 40 வரவில்லையே என்பவர்களுக்கு: 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், சொல்வதை எழுதுபவர் வசதிக்கு 40 சதவீதம் கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டது.

12.01.2025 | வெண்ணாற்றங்கரை

நேற்று எழுதியதை யோசித்தால் பாதி தப்பு. அதாவது விதி சரி, அறிவுரை தப்பு.

ஓ.சி.டி. பிள்ளைக்குக் கூடுதல் நேரம் கொடுத்தால் அந்த ஒரு மணி நேரத்தையும் நோய் தின்றுவிடும். முன்பு மூன்று தடவை படித்துப் பார்த்ததை ஐந்து தடவை பார்க்கும். எழுதுபவரை வைத்தால் "அந்த எழுத்து சரியில்லை, அடிச்சுட்டுத் திரும்ப எழுதுங்க" என்று அவரையும் சடங்கில் இழுத்துவிடும். சில பிள்ளைகளுக்கு நேரம் தேவை, அதுவும் உண்மை. எதில் சிக்குகிறாள் என்று முதலில் பாருங்கள். அழிப்பதிலா, திரும்பப் படிப்பதிலா, பெஞ்சைத் தொடுவதிலா, பதிவெண் கட்டத்தை நிரப்புவதிலா? பெஞ்சு என்றால் தனி அறை கேட்க வேண்டும். பதிவெண் என்றால் கண்காணிப்பாளர் ஒரு தடவை பார்த்து "சரி" என்று சொன்னால் போதும். கழிப்பறை பயம் என்றால் நடுவில் போய்வர அனுமதி. அரையாண்டுத் தேர்விலேயே ஒத்திகை பார்த்துவிட்டு, எது உதவியதோ அதை மட்டும் டாக்டர் கடிதத்தில் எழுதி வாங்குங்கள்.

26.01.2025 | வெண்ணாற்றங்கரை

சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் 2021 முதல் இலவசம். கண்டக்டர் பிள்ளையை மேலும் கீழும் பார்ப்பார். அட்டையை நீட்டினால் போதும், விளக்கம் சொல்ல வேண்டிய கடமை இல்லை. ரயிலில் மனநோய்க்குச் சலுகை இல்லை, கவுன்ட்டரில் சண்டை போட்டுப் பயனில்லை.

அட்டையில் குறைபாட்டு வகை அச்சாகியிருக்கும். "பொண்ணு கல்யாணத்துக்கு இடைஞ்சல்" என்று தாத்தா சொன்னால் சிரிக்காதீர்கள், அந்தப் பயம் நிஜம். அட்டை வாங்கினால் பீரோவில் வைக்கலாம், தேவைப்படும் இடத்தில் மட்டும் காட்டலாம். 13 வயதுப் பிள்ளையிடம் கேட்காமல் பள்ளியில் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். ஆசிரியர் அறையிலிருந்து வகுப்புக்கு இரண்டு பீரியடில் செய்தி போய்விடும்.

09.02.2025 | வெண்ணாற்றங்கரை

மறுத்தால், அல்லது 40க்குக் கீழே போட்டால்: வாய்வார்த்தையோடு திரும்பாதீர்கள். மறுப்புக்குக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது விதி. கேட்டு வாங்கி, எந்தத் தலைப்பில் எத்தனை போட்டார்கள் என்று பாருங்கள். தர மறுத்தால் பத்து ரூபாயில் தகவல் உரிமை மனு. சட்டத்தின் 59ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு போட்டு ரசீது வாங்கினால் கோப்பு நகரும், ஆனால் கலெக்டர் சதவீதத்தை மாற்ற முடியாது. வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் மாற்றுத்திறனாளிக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசம். போன் 15100.

பெரும்பாலும் 40க்குக் கீழே விழுவது இரண்டு வரியில்தான்: தன் பராமரிப்பு 0, வேலை 0. ஒன்று "தானே குளிக்கிறா". இன்னொன்று ரேங்க் அட்டை. மேலே நவம்பர் 6, 9ஆம் தேதிக் குறிப்புகளைத் திரும்பப் பாருங்கள்.

02.03.2025 | மன்னார்குடியிலிருந்து

சான்று வந்துடுச்சுங்க. 50. ஆனா அதுல அவ பேருக்கு முன்னாடி இனிஷியல் இல்லை. ஆதார்ல இருக்கு, ஸ்கூல்ல பின்னாடி இருக்கு.

02.03.2025 | வெண்ணாற்றங்கரை

இப்போதே திருத்துங்கள் அம்மா, உதவித்தொகைப் பதிவிலும் பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியலிலும் இதுதான் முட்டும். மூன்றில் எதை மாற்றுவது என்றால், பள்ளிப் பதிவில் உள்ளபடி மற்ற இரண்டையும் கொண்டுவாருங்கள். முதலில் ஆதார், பிறகு யு.டி.ஐ.டி. தளத்தில் பெயர் திருத்தம். வரிசை மாறினால் திரும்ப முதலிலிருந்து. சான்றின் கீழே "செல்லுபடி" என்ற இடத்தில் தேதி இருக்கிறதா, நிரந்தரம் என்று இருக்கிறதா, அதையும் பார்த்துச் சொல்லுங்கள். தேதி இருந்தால் அதற்கு நாலு மாதம் முன்னால் அடுத்த நோட்டைத் தொடங்க வேண்டும்.